கங்காணியின் நிழலிலிருந்து

கலஹாவுக்கு அண்மையில் உள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலையின் கதையை எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்தத் தேயிலையை வளர்த்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் யாரைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பது அதே மலைகளின் இன்னொரு வரலாறு. அது இன்னும் போதிய அளவு சொல்லப்படவில்லை.

தொடக்கத்தில் அவர்கள் கண்ட பெரிய மனிதர் கங்காணி. தென்னிந்திய ஊர்களில் ஆள் திரட்டிக் கடல் கடந்து கூட்டிவந்தவர் அவர். முன்பணம் கொடுத்தவரும் அவர். அந்தக் கடன் தீராமல் ஒரு குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ கையில் இருந்தால்தான் அடுத்த தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வேலை கொடுப்பார். 1921இல் துண்டு முறை ஒழிந்தது. கங்காணியின் அதிகாரம் அத்தோடு போய்விடவில்லை. விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் பெற்றோர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்த பிள்ளைக்கு, பணிந்து போவதே நல்ல பிள்ளைக்கு அழகு என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெற்றோரைக் குறை சொல்லவும் முடியாது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

வேறு வகையான பெரியவர்கள் 1920களில் தென்பட்டார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாட்களுக்குத் தடை இருந்த தோட்டங்களுக்குள் துணி வியாபாரியாகப் புகுந்து தொழிலாளரின் நிலையைத் தெரிந்துகொண்டார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே சங்கம் அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார், பேசினார். ஒரு பெண் மேடையேறித் துரைமாரின் அநீதியைத் தட்டிக்கேட்டது, அதுவரை லயத்துச் சிறுமிகளுக்கு யாரும் காட்டியிராத முன்மாதிரி.

கலஹாவை அடுத்த ஹேவாஹெட்டப் பகுதியிலேயே மிகப் பெரிய சோதனை வந்தது. முல்லோயாத் தோட்டத் தொழிலாளர் நாட்கூலியில் 16 சதம் உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1940 ஜனவரி 10 அன்று பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். விசாரணை ஆணைக்குழு முன்னால் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர், சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா. சிங்களச் சமூகத்தில் பிறந்த வழக்கறிஞர் ஒருவர், கணவனை இழந்த தமிழ்த் தோட்டப் பெண்ணுக்காகப் பொலிஸாரைக் கேள்வி கேட்டார். தம் இனத்தவருக்கு மட்டுமே நீதி கேட்க வேண்டும் என்பதில்லை என்பதை அந்தத் தலைமுறை கண்ணெதிரே கண்டது. முல்லோயா தொடர்பான வழக்குகளைப் பற்றி எழுந்த தகராறு முற்றி, அமைச்சர் சபையே பதவி விலகும் நிலை வந்தது.

பிள்ளைகள் தகப்பன் போன வழியிலேயே போவார்கள் என்றும் சொல்ல முடியாது. கங்காணியாக உயர்ந்து வேவண்டன் தோட்டத்துக்கு உரிமையாளரான கருப்பையாவின் மகன்தான் சௌமியமூர்த்தி தொண்டமான். காந்தி மீது பற்றுக்கொண்ட அவர், இலங்கை இந்தியக் காங்கிரஸின் கம்பளைக் கிளைத் தலைமையை ஏற்று, கங்காணிகளின் பிடியிலிருந்த மக்களுக்கே தொழிற்சங்கத் தலைவரானார்.

பிந்திய தலைமுறைக்கு முன்மாதிரியாக ஆசிரியர்கள் இருந்தார்கள். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்து அதிபரான இர. சிவலிங்கம், தோட்டத்திலிருந்து படித்து வந்தவர். தோட்ட மக்களை விட்டு விலகி ஓடாதவர். மலையக இளைஞர்களைச் சங்கமாகத் திரட்டினார். பின்னர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் தமிழ்நாட்டில் தவித்தபோது, கோத்தகிரிக்குச் சென்று அவர்களுக்காக உழைத்தார். மாணவர்களுக்கு அவர் கற்பித்த பாடத்துக்கும் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கும் இடையே இடைவெளி இருக்கவில்லை. படித்தவன் தன் மக்களுக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்ற அதுவே காரணம்.

இன்று ஜனவரி 10 மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூரப்படுகிறது. அதை முன்னின்று நடத்துவோரில் பலர் கோவிந்தன் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் பிறந்த இளைஞர்கள். அவர்கள் அங்கே பேசுவது பெரும்பாலும் நாட்சம்பளத்தையும் காணி உரிமையையும் பற்றியே.