ஆயரை நியமிப்பவர் யார்? பல்கேரிய இணைவும் கோவா–இலங்கை விலகலும்

ஹைதராபாத் 1851-இல் தனி அப்போஸ்தலிக்க விகாரியேட் ஆனது. 1855 முதல் மிலான் சபைக் குருக்கள் இங்கே பணியாற்றினர். 1886-இல் பதின்மூன்றாம் லியோ இந்தியாவுக்கு முறையான மறைமாவட்டங்களை அமைத்தபோது ஹைதராபாதும் மறைமாவட்டம் என்ற தகுதியைப் பெற்றது. இந்த நகரத்துத் திருச்சபை வரலாற்றில் அது மகிழ்ச்சியான ஆண்டு. மன்னார்க் கரையின் கத்தோலிக்கர் பலருக்கோ அது காயத்தின் ஆண்டு. போர்ச்சுகல் அரசோடு அதே ஆண்டில் ரோம் செய்த உடன்படிக்கையால், கோவாக் குருக்களின் பொறுப்பிலிருந்த இலங்கைப் பங்குகள் ரோமின் மறைபரப்பு அமைப்பான புரோப்பகாந்தா சபையின் ஐரோப்பிய ஆயர்களிடம் போயின.

இது நிர்வாக மாற்றந்தானே என்று கடந்துபோவது சரியல்ல. டச்சு ஆட்சி கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687-இல், மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியவர் கோவாவின் யோசேப் வாஸ் அடிகள். அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாக இலங்கையில் நம்பிக்கையைக் காத்தவர்கள் கோவாக் குருக்களே. அவர்களை ஒரே ஆணையில் விலக்கியதை மக்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மனநிலையைப் புரிந்துகொள்ள அக்காலப் பல்கேரியா நல்ல துணை. ஓட்டோமான் ஆட்சியில் பல்கேரிய ஆர்த்தடாக்ஸ் மக்கள் கான்ஸ்டான்டினோப்பிளின் கிரேக்க முதுபெரும் தந்தைக்குக் கட்டுப்பட்டிருந்தனர். ஆயர்களில் பெரும்பாலோர் கிரேக்கர். 1860 ஏப்ரல் 3, உயிர்ப்புப் பெருவிழா வழிபாட்டில், ஆயர் இலரியோன் முதுபெரும் தந்தையின் பெயரைச் சொல்லாமல் விட்டார். ஒரு பெயரை உச்சரிக்காததே பிரிவினை அறிவிப்பாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் திராகான் சங்கோவ் உள்ளிட்ட ஒரு பிரிவினர் ரோமுடன் இணைந்தனர். 1861-இல் முதிய துறவி யோசிப் சொகோல்ஸ்கியை ஒன்பதாம் பயஸ் தம் கையாலேயே பேராயராகத் திருநிலைப்படுத்தினார். சில வாரங்களில் சொகோல்ஸ்கி ரஷ்யக் கப்பலில் ஒதேசாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1879-இல் இறக்கும்வரை அவருடைய வாழ்வு கீவில்தான் கழிந்தது.

கோவாவிலும் இலங்கையிலும் பயணத்தின் திசைதான் வேறு: ரோமை நோக்கி அல்ல, ரோமை விட்டு. வெர்ணாவில் 1836-இல் பிறந்த கத்தோலிக்கக் குரு அந்தோனியோ பிரான்சிஸ்கோ சேவியர் அல்வாரிஸ், இதழாசிரியராக இருந்து ஆயரோடும் போர்ச்சுக்கீசிய அரசோடும் மோதியவர். 1889-இல் கோட்டயத்தில் கேரளத்தின் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபை ஆயர்கள் அவரை மார் யூலியோஸ் என்ற பெயரில் ஆயராக்கினர். கொழும்பில் மருத்துவர் லிஸ்போவா பிந்தோ அவருக்குத் தோள்கொடுத்தார். மலங்கரை, பல்கேரியர் சார்ந்திருந்த பைசாந்திய மரபைச் சேர்ந்ததல்ல. கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கால்சிதோன் சங்கத் தீர்மானத்தை ஏற்காத சிரிய மரபு அது. இறையியல் நோக்கில் இது பெரிய தாண்டல். ஆனால் அல்வாரிசைப் பின்பற்றிய மக்கள் அந்தத் தீர்மானத்தைப் பற்றி மனம் மாறியா போனார்கள்?

இல்லை என்பதற்குச் சான்று அவர்களுடைய பலிபீடத்திலேயே இருக்கிறது. சிரிய ஆயர்களின் ஆட்சியை ஏற்ற பிறகும் அவர்கள் இலத்தீன் முறைத் திருப்பலியைக் கைவிடவில்லை. பல்கேரியாவில் ரோமுடன் இணைந்தவர்களும் பைசாந்திய ஸ்லாவோனிய வழிபாட்டையே தொடர்ந்தனர். 1930-இல் மலங்கரைச் சபையின் ஆயர் மார் இவானியோஸ் ரோமுடன் இணைந்தபோதும் சிரிய வழிபாடு உடன் சென்றது. மாறியது, யார் ஆயரை அனுப்புவது என்பது ஒன்றுதான். ஆகவே இந்த இயக்கங்களைக் கொள்கைத் தேடலாகக் காட்டும் சபை வரலாறுகள் மையத்தைத் தவறவிடுகின்றன. தன் இனத்துக் குருவைத் தன் பீடத்தில் காணும் உரிமையே இங்கே வழக்கு.

பதவி ஆசை, வெளியார் பணம் என்று சொல்லி இந்த இயக்கங்களை ஒதுக்குவதும் பழைய வழக்கம். அல்வாரிசின் வாழ்க்கை அதை மறுக்கிறது. 1895-இல் கோவாவில் அவரைக் கைதுசெய்து ஆயர் உடையைக் களைந்தார்கள், வழக்கு நிற்கவில்லை. அவர் காலரா சிகிச்சை பற்றி நூல் எழுதினார், மரவள்ளி பயிரிடச் சொல்லிப் பரப்பினார், பணஜித் தெருக்களில் ஏழைகளுக்காகக் கையேந்தினார். 1923-இல் ரிபாந்தர் மருத்துவமனையில் இறந்தார். பதவியால் செழித்த மனிதரின் முடிவு அல்ல இது.

இரு இயக்கங்களும் சுருங்கின; காரணங்கள் வேறு. பல்கேரியருக்கு 1870-இல் சுல்தானின் ஆணையால் தனித் தலைமைச் சபை கிடைத்தது. முதுபெரும் தந்தையின் தரப்பு 1872-இல் அதைப் பிளவுச் சபை என்று கண்டித்தபோதும் அது நிலைத்தது. சொந்த ஆயர்கள் கிடைத்துவிட்ட மக்களில் பெரும்பாலோர்க்கு ரோமின் நிழல் தேவைப்படவில்லை. என் வாதத்துக்கு இதைவிட வலுவான துணை இல்லை. அல்வாரிசின் மக்களுக்கோ அப்படியோர் ஆணை எந்த அரசிடமிருந்தும் வரவில்லை.

எனினும் உடுப்பிக்கு அருகே பிரம்மாவரில் அல்வாரிசின் வழிவந்த கொங்கணி பேசும் குடும்பங்கள் ஆர்த்தடாக்சாகவே நிலைத்தன. 2010-இல் மலங்கரைச் சபை அவர்களுடைய ஊரின் பெயரிலேயே ஒரு மறைமாவட்டத்தை அமைத்தது.