மண்ணின் ஈரமும் ஆய்வாளரின் கிண்ணமும்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றை அடுத்து நெல்லும் கரும்பும் விளைகின்றன. வயலுக்கு இடும் உரம் முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சிய நைட்ரேட் மண்ணின் ஈரத்தில் கரைந்து கீழே இறங்கிக் கிணற்றையும் அடையக்கூடும். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர அளவு. ஆகவே வேரடி ஈரத்தை எடுத்துச் சோதித்தல் இன்றியமையாதது. ஆனால், எடுக்கும் முறையே அந்நீரை மாற்றிவிட்டால் என் செய்வது?

இவ்வையம் பழமையானது. 1866-இல் பிரெஞ்சு அறிஞர் ஷ்லோசிங், கண்ணாடிக் கலத்தில் மண்ணை நிரப்பி, அதன்மேல் சாயமிட்ட நீரை ஊற்றினார். அது மண்ணிலிருந்த நீரைக் கீழே தள்ளியது. சாயம் தோன்றாதவரை வடிவது மண்ணின் சொந்த நீர். சாயம் தோன்றினால் கலப்பு என்பது வெளிப்படை.

1904-இல் அமெரிக்காவில் பிரிக்ஸ், மக்கால் என்னும் இருவர் நுண்துளைகளுள்ள சுட்ட மண் கிண்ணத்தை மண்ணில் பதித்து, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினர். சுற்றியிருந்த ஈரம் துளைகளின் வழியே உள்ளே கசிந்தது. அதனைச் செயற்கை வேர் என்றனர். வயலைத் தோண்டிச் சிதைக்காமல் மீண்டும் மீண்டும் நீரெடுக்க இம்முறை உதவியது.

எனினும், கிண்ணமும் மண்தானே! 1970-இல் குரோவர், லாம்பார்ன் இருவரும் அதனையே சோதித்தனர். கழுவாத கிண்ணங்கள் கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றை நீரில் விட்டன. பாஸ்பரசையோ நீரிலிருந்து பற்றிக்கொண்டன. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவியபின் இக்குறை தணிந்தது. புதுப்பானையில் சில நாள் நீரூற்றிக் கொட்டிப் பழக்கும் நம் இல்லத்து வழக்கமும் இதனை ஒத்ததே.

மாணவர்களே, இச்சோதனைக்கு இரண்டு படிகள் உண்டு. வாலைவடிநீரைக் கிண்ணத்தின் வழியே இழுத்தால், கிண்ணம் கொடுப்பது தெரியும். அது பற்றிக்கொள்வதை அறிய, அளவு தெரிந்த கரைசல் வேண்டும். உட்செல்லுமுன் இருந்த அளவையும் வந்தபின் உள்ள அளவையும் ஒப்பிடல் வேண்டும். முதற்படியோடு நின்றவர் பாதி உண்மையே அறிந்தவராவார்.

கிண்ணம் பாஸ்பரசைப் பற்றிக்கொண்டால், வளமுள்ள நிலமும் வறியதாகத் தோன்றும். உழவர் வேண்டாத உரத்திற்குப் பொருள் செலவிடுவார். குடுவையில் நைட்ரேட் ஒட்டியிருந்தால், நல்ல கிணறும் பழி சுமக்கும். ஆதலின் மண்ணைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், சாட்சி சொல்லும் கருவியை விசாரித்தல் அறிஞர் கடமையாகும்.