பணிய மறுத்த வாயுக்கள்



நீரைக் காய்ச்சினால் ஆவியாகிறது. ஆவியைக் குளிர்வித்தால் மீண்டும் நீராகிறது. இஃது அடுக்களையிலேயே காணக்கூடிய செய்தி. நீராவியை ஒரு கலத்தில் அடைத்து அமுக்கினாலும் அது நீராகும் என்பதைச் சிறிது விஞ்ஞானம் பயின்றவர் அறிவர். அப்படியாயின், எந்த வாயுவையும் போதிய பலத்தோடு அமுக்கினால் அது திரவமாகிவிடும் அன்றோ? நான் பாடம் நடத்திய நாட்களில் இவ்வினாவை எழுப்பினால் வகுப்பில் பெரும்பாலோர் "ஆம்" என்றே விடை கூறுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஐரோப்பாவின் விஞ்ஞானிகள் பலரும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அவ்வாறே நம்பி உழைத்தனர். அந்த நம்பிக்கை எவ்வாறு தகர்ந்தது என்பதையே இன்று சொல்ல விழைகிறேன். பேச்சில் வரும் பாகைகள் யாவும் சென்டிகிரேடு அளவின.

1823ஆம் ஆண்டு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே, குளோரினும் நீரும் சேர்ந்த படிகத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் இட்டு, வாயை உருக்கி மூடிச் சூடேற்றினார். பிரிந்து வந்த குளோரின் வெளியேற வழியின்றித் தன்னைத்தானே அமுக்கிக்கொண்டது. குழாயினுள் எண்ணெய் போன்றதொரு பொருள் தோன்றியது. அவ்வேளையில் அங்கு வந்த ஒரு மருத்துவ நண்பர், பிசுக்குப் படிந்த குழாயையா சோதனைக்குப் பயன்படுத்துவது என்று கேலி பேசினார். மறுநாள் அவருக்குப் பாரடேயிடமிருந்து கடிதம் வந்தது: நேற்றுக் கண்ட எண்ணெய் திரவக் குளோரினே என்று!

இதே முறையில் அம்மோனியா முதலிய வேறு சில வாயுக்களும் பணிந்தன. ஆனால் இச்சோதனைகள் அபாயமற்றவை அல்ல. அவ்வாண்டிலேயே ஒரு குழாய் வெடித்து, பதின்மூன்று கண்ணாடிச் சில்லுகள் பாரடேயின் கண்ணில் தைத்தன. பின்னர்ப் பாரிஸ் நகரில் திலோரியே என்பவர் இரும்புக் கலத்தில் கரியமில வாயுவைப் பெருமளவில் திரவமாக்கிக் காட்டினார். 1840இல் அத்தகைய கலம் ஒன்று வெடித்து இளம் உதவியாளர் ஒருவர் மாண்டார். பாடநூலில் ஒரு வரியாக நிற்கும் செய்திக்குப் பின்னே இத்தகைய விலைகளும் உண்டு.

பாரடே 1845இல் மீண்டும் முனைந்தார். உறைந்த கரியமில வாயுவையும் ஈதரையும் கலந்து, பம்பினால் அதன்மேலுள்ள காற்றை இறைத்து, பூச்சியத்துக்குக் கீழே சுமார் 110 பாகைவரை குளிர்ச்சியை உண்டாக்கினார். அமுக்கமும் சேர்ந்தது. ஆயினும் பிராணவாயு, நைட்ரஜன், ஹைட்ரஜன் முதலிய ஆறு வாயுக்கள் அசையவில்லை. அவற்றுக்கு "நிரந்தர வாயுக்கள்" என்று பெயர் நிலைத்தது. பிராணவாயு பணிவதற்கு இன்னும் ஏறத்தாழ ஒன்பது பாகைக் குளிர்ச்சியே தேவைப்பட்டது என்பதை இன்று நாம் அறிவோம். அன்று எவரும் அறியார்.

ஆகவே பலர் அமுக்கத்தையே நம்பினர். எமே என்ற பிரெஞ்சுக்காரர் வாயு நிரம்பிய கலங்களைக் கடலில் ஒரு மைலுக்கும் ஆழத்தில் இறக்கி, கடலின் பாரத்தையே துணைக்கு அழைத்தார். வியன்னாவில் நாட்டரர் என்ற மருத்துவர் தாமே ஒரு பம்பை அமைத்து, வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 3,000 மடங்கு அமுக்கினார். வாயு வாயுவாகவே இருந்தது.

உண்மையில் துப்பு ஒன்று 1822இலேயே கிடைத்திருந்தது. பிரான்சில் காஞ்ஞார் த லா தூர் என்பவர், ஒரு துப்பாக்கிக் குழலில் சாராயத்தையும் ஒரு கல் குண்டையும் இட்டு இருபுறமும் அடைத்துச் சூடேற்றினார். குழலை அசைக்கையில் குண்டு திரவத்தில் விழும் ஓசை கேட்டது. ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தைத் தாண்டியதும் அவ்வோசை நின்றுவிட்டது. உள்ளே திரவமே இல்லை! கண்ணால் காண முடியாததைக் காதால் அறிந்த அந்த உபாயம் என்னைப் பெரிதும் கவர்ந்த ஒன்று.

அதன் பொருளை முழுதும் விளக்கியவர் பெல்பாஸ்ட் நகரப் பேராசிரியர் தாமஸ் ஆண்ட்ரூஸ். அவர் அடங்காத வாயுக்களை விட்டுவிட்டு, எளிதில் பணியும் கரியமில வாயுவையே எடுத்துக்கொண்டு பொறுமையாக அளந்தார். 13 பாகையில் சுமார் 49 வளிமண்டல அமுக்கத்தில் அது திரவமாகத் தொடங்கிற்று. உஷ்ணம் ஏற ஏற அமுக்கமும் கூடுதலாக வேண்டியிருந்தது. 31 பாகையை எட்டியதும் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையிலிருந்த எல்லைக்கோடு மங்கி, அலை அலையாக நடுங்கி மறைந்தது. அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவம் தோன்றவில்லை. 1869இல் இதை அவர் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். ஒவ்வொரு வாயுவுக்கும் இத்தகைய ஓர் எல்லை உண்டு. அதுவே நிலைமாறு வெப்பநிலை. அதற்குக் கீழிருப்பதை ஆவி என்றும், மேலிருப்பதை வாயு என்றும் பிரித்து வழங்கலாம் என்றார். நம் மொழியிலும் இவ்விரு சொற்களும் தயாராக இருக்கின்றன. நாமோ இரண்டையும் குழப்பிப் பேசுகிறோம்.

ஐரோப்பாவின் குளிர்ந்த அறைகள் 31 பாகைக்குக் கீழே இருந்தமையால் அங்குக் கரியமில வாயு அமுக்கத்துக்கு இணங்கியது. சித்திரை மாதத்து மதுரையில் திலோரியே தம் கலத்தை வைத்திருந்தால், அதைப் பனிக்கட்டியில் புதைத்தாலன்றி ஒரு துளியும் கண்டிருக்கமாட்டார். நம் வீட்டு எரிவாயு உருளையை அசைத்தால் உள்ளே தளும்புவது தெரியும். அதிலுள்ள புரொப்பேனின் எல்லை 97 பாகை, பியூட்டேனின் எல்லை 152 பாகை. ஆகையால் நம் கோடையிலும் அமுக்கம் மட்டுமே அவற்றைத் திரவமாக வைத்திருக்கிறது. வாகனங்களில் ஏற்றும் மீத்தேனுக்கு எல்லை பூச்சியத்துக்குக் கீழ் 83 பாகை. அதை 200 வளிமண்டல அளவுக்கு அடைத்தாலும் அது தளும்பாது.

இனி வழி தெளிவாயிற்று: முதலில் குளிர்ச்சி, பிறகு அமுக்கம். பிரான்சில் இரும்புத் தொழிலதிபர் கையேத்தே, பிராணவாயுவை 300 வளிமண்டலத்துக்கு அமுக்கி, குளிர்வித்து, திடீரென விடுவித்தார். விரிந்த வாயு தானே மேலும் குளிர்ந்து குழாயில் மூடுபனியாய்த் தோன்றியது. 1877 டிசம்பர் 24இல் பாரிஸ் அகாதமியில் இதை அறிவிக்கும்போது, ஜெனீவாவில் பிக்தே என்பவரும் வேறு முறையில் வெற்றி கண்டதாகத் தந்தி வந்திருந்தது! நல்ல வேளையாகக் கையேத்தே இம்மாதத் தொடக்கத்திலேயே முத்திரையிட்ட கடிதம் ஒன்றை ஒப்படைத்திருந்தார். முந்தியவர் யார் என்ற வழக்கு அதனால் தீர்ந்தது.

மூடுபனி நொடியில் கலைந்துவிடும். கலத்தில் அமைதியாகக் கொதிக்கும் பிராணவாயுவை 1883இல் போலந்தின் கிராக்கோ நகரில் விருப்லெவ்ஸ்கி, ஓல்ஷெவ்ஸ்கி இருவரும் கண்டனர். எத்திலீன் திரவத்தின்மேல் அமுக்கத்தைக் குறைத்தால் அது தாழ்ந்த உஷ்ணத்திலேயே கொதிக்கும். அவ்வாறே பூச்சியத்துக்குக் கீழ் 130 பாகையை எட்டினர். அமுக்கத்தைக் கூட்டுவதைப் போலவே குறைப்பதும் இங்கு ஆயுதமாயிற்று. ஹைட்ரஜனை ஆராய்ந்துகொண்டிருந்த விருப்லெவ்ஸ்கி, 1888இல் மண்ணெண்ணெய் விளக்குக் கவிழ்ந்து தீப்பட்டு இறந்தார். அந்த ஹைட்ரஜனை 1898இல் லண்டனில் டியூவர் திரவமாக்கினார்.

எஞ்சியது ஹீலியம். ஹாலந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் அதன் எல்லையை முன்னதாகவே கணித்துக்கொண்டு, 1908 ஜூலை 10ஆம் நாள் விடியற்காலை வேலையைத் தொடங்கினார். நாட்டரரின் 3,000 வளிமண்டலங்கள் எங்கே! பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகையில், ஹீலியம் திரவமாக நிற்க ஒரு வளிமண்டல அமுக்கமே போதும். மாலையில் வெப்பமானி இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. கலத்தில் ஒன்றும் தென்படவில்லை. பார்க்க வந்த சக பேராசிரியர் ஒருவர், வெப்பமானி திரவத்துக்குள்ளேயே நிற்கிறதோ என்று ஐயுற்றார். கலத்துக்குக் கீழிருந்து ஒளியைப் பாய்ச்சினர். ஏற்கெனவே கலம் நிறைய இருந்த திரவத்தின் மேற்பரப்பு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.