அச்சுக்கூடத்து வாசலில் நான்கு நூல்கள்

இந்த வாரம் வானொலியில் நான் பேச எடுத்துக்கொண்டவை ஒன்றோடொன்று சேராத நான்கு நூல்கள். ஒன்று வரலாறு, ஒன்று நாவல், ஒன்று சங்கத் தொகை நூலின் பதிப்பு, மற்றொன்று கலை பற்றிய ஆய்வு. ஒரே அலுமாரித் தட்டில் இவற்றை வைத்தால் பார்ப்பவர் சிரிக்கக்கூடும். ஆயினும் இந்நான்கையும் தொட்டு ஒரு கேள்வி எழுகின்றது. எழுதப்பட்ட ஒன்று எவ்வாறு நம் கைக்கு வந்து சேர்கின்றது?

வரலாற்று நூலிலிருந்து தொடங்குவோம். மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றியது 1736 அளவில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில். மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டுக்கொண்டதற்கிணங்க எழுதப்பட்டது என்பது மரபு. புலவர் தமக்கு ஆதாரமாகக் கொண்டவற்றைச் சொல்லியிருக்கிறார்: கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை. முதலிரண்டும் பின்னர் அச்சேறின, இன்றும் படிக்கலாம். மற்றவை இரண்டும் கிடைக்கவில்லை. புலவர் கையில் இருந்த ஏடுகள் அவருக்குப் பின் யார் வீட்டுப் பரணில் செல்லரித்தனவோ! வைபவமாலையின் காலக்கணிப்பில் குழப்பங்கள் பல உண்டு. ஆராய்ச்சியாளர் அதனை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குறை கூறி வருகின்றனர். நியாயமான குறைதான். ஆனால் குறை கூறுவதற்கேனும் ஒரு நூல் நம்மிடம் இருக்கிறதல்லவா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் உலகிலிருந்த ஒரேயொரு வைபவமாலைப் பிரதியும் அடங்கும் என்று ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றில் எழுதுகிறார்கள். அது சரியன்று. கிறிஸ்தோபர் பிறிற்றோ 1879ஆம் ஆண்டிலேயே அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டுவிட்டார். மூலத்தைப் பிற்காலத்தில் முதலியார் குல. சபாநாதன் குறிப்புகளோடு பதிப்பித்தார். அன்று எரிந்தவற்றின் இழப்பைச் சொல்ல மிகை தேவையில்லை. உண்மையே போதுமான அளவு கனமானது. அச்சேறியவை வேறு அலுமாரிகளில் தப்பின. ஏடாகவும் கையெழுத்தாகவும் மட்டுமே அங்கிருந்தவை தப்பவில்லை.

ஏடு அழிவதைக் கண்ணெதிரே கண்டு கலங்கியவர் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர், 1857இல் தேறியவர். சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் பணி செய்து, பின்பு புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். தமிழ் அவருக்குச் சம்பளம் தந்த தொழில் அன்று. அவர் அச்சிட்ட கலித்தொகை 1887இல் வெளிவந்தது. எட்டுத்தொகையுள் முதலில் முழுமையாக அச்சுருவம் பெற்றது அதுவே. ஏட்டைக் கட்டவிழ்க்கும்போது ஓலை முறிவதையும், ஒற்றையைப் புரட்டும்போது துண்டு துண்டாய் உதிர்வதையும் அவர் தம் பதிப்புரைகளில் எழுதியிருக்கிறார். பதிப்புரை என்றால் நம்மில் பலர் தாண்டிச் செல்வது வழக்கம். தாமோதரம்பிள்ளையினுடையதைத் தாண்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

நாவலுக்கு வருகிறேன். கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய முகம்மது காசிம் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட அசன்பே சரித்திரம், ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பெரும்பாலும் எண்ணப்படுகின்றது. முதலாவதா இரண்டாவதா என்ற வழக்கில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. என்னைக் கவர்வது கதை நிகழும் இடம். எகிப்திலும் இந்தியாவிலுமாக அது நடக்கின்றது. ஆசிரியர் வாழ்ந்த கண்டி அதில் வரவில்லை. எகிப்தின் ஒறாபி பாஷா ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கியது 1883இல் என்பதை நினைவிற் கொண்டால் இது வியப்பன்று. அதற்கு முந்திய ஆண்டு, 1882இல், சித்திலெப்பை முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். எழுதியதை அச்சாக்கும் வழி அவர் கையிலேயே இருந்தது.

தாமே முன்னின்று அச்சிடுவதில் எல்லோரையும் விஞ்சியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிலே 1877இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். படித்தது புவிச்சரிதவியல். கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக 1903 முதல் 1906 வரை இலங்கையில் இருந்தார். பாறைகளைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணிற்பட்டவை கண்டி நாட்டுக் கைவினைகள்: தந்த வேலை, அரக்கு வேலை, பித்தளை, நெசவு, விகாரைச் சுவரோவியம். கனிப்பொருளை வகைபிரித்துப் பழகிய கை, அதே பொறுமையோடு கம்மாளரின் கருவிகளையும் அலங்கார உருக்களையும் வகைபிரித்தது. துணைவியார் எதெல் புகைப்படங்கள் எடுத்தார். இவ்வாறு உருவானதே மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூல்.

அதனை அவர் எந்தப் பிரசுராலயத்திடமும் கையளிக்கவில்லை. இங்கிலாந்தில் புறோட் கம்டன் என்னும் கிராமத்திலே, பழைய தேவாலயமொன்றைத் திருத்தியமைத்த தமது இல்லத்தில் வைத்து, எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் பெயரில், தம் மேற்பார்வையிலேயே அச்சிட்டார். வில்லியம் மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கையச்சு இயந்திரம்! 1907 செப்டெம்பரில் தொடங்கிய வேலை 1908 டிசெம்பரில் முடிந்தது. பதினைந்து மாத உழைப்பில் வெளிவந்தவை 425 பிரதிகள். இயந்திர உற்பத்தி கைவினைஞனை அழிக்கிறது என்று வாதிடும் நூலைக் கையாலேயே அச்சிட்டது வெறும் பிடிவாதம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூலின் வாதம் அதன் தாளிலும் எழுத்திலுமே தெரிய வேண்டுமென்று அவர் கருதியிருக்க வேண்டும். தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், சிங்களக் கைவினைஞரின் மரபைச் சொல்ல இத்தனை பாடுபட்டார் என்பதையும் இந்நாட்டு வாசகர்களாகிய நாம் கவனிக்கலாம்.

ஆனால் 425 பிரதிகள் எத்தனை பேர் கைக்கு எட்டும்? கண்டிப் பக்கத்துச் சித்தர ஒருவர் தம் தொழில் பற்றிய அந்நூலை வாங்கியிருக்க முடியுமா? இரண்டாம் பதிப்பு நியூயோர்க்கில் 1956இல்தான் வந்தது. அப்போது குமாரசுவாமி இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன.