ஒரு பட்டம், இரண்டு சாம்பியன்கள்: 1996 இண்டி கார் சண்டை

1996ஆம் ஆண்டு மே 26, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அன்று ஒரே நாளில் இரண்டு 500 மைல் கார் பந்தயங்கள் நடந்தன. ஒன்று இண்டியானாபோலிஸ் நகரில். இன்னொன்று பக்கத்து மாநிலமான மிச்சிகனில். இரண்டிலும் ஓடியவை ஒரே இனத்துக் கார்கள்தான். அதற்கு முந்தைய ஆண்டு வரை இவர்களில் பலர் ஒரே பந்தயத்தில் ஓடியவர்கள். ஒரு குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டு ஒரே நாளில் இரண்டு கல்யாணம் வைத்தது போல இருந்தது அந்த ஞாயிறு.

ஓப்பன் வீல் கார் என்றால் சக்கரங்கள் வெளியே தெரிய, ஒருவர் மட்டும் உட்காரும் பந்தயக் கார். பார்க்க ஃபார்முலா 1 கார் மாதிரி இருக்கும். அமெரிக்காவில் இந்த வகைப் பந்தயத்தின் உயிர் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. 1911இல் தொடங்கிய இண்டியானாபோலிஸ் 500தான் அது. 33 கார்கள், 200 சுற்று. ஜெயித்தவர் பால் குடிப்பது அங்கே மரபு. மற்ற பந்தயங்களை மறந்துவிடும் அமெரிக்கர்கள்கூட இதை மறப்பதில்லை.

சண்டையின் விதை 1978லேயே விழுந்துவிட்டது. அப்போது பந்தயங்களை நடத்திய அமைப்பு யூசாக். செலவு எல்லாம் எங்களுடையது, முடிவு எல்லாம் உங்களுடையதா என்று அணி முதலாளிகள் கேட்டார்கள். ரோஜர் பென்ஸ்கே, பாட் பாட்ரிக் போன்றவர்கள் சேர்ந்து கார்ட் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1979இல் வழக்கு, நீதிமன்றம் எல்லாம் பார்த்த பிறகு ஒரு சமரசம் வந்தது. ஆண்டு முழுக்க நடக்கும் தொடர் கார்ட் கையில். இண்டி 500 மட்டும் மைதானத்தின் சொந்தக்காரர்கள் கையில்.

அந்த மைதானத்தை 1945இல் டோனி ஹல்மன் என்ற வியாபாரி வாங்கியிருந்தார். அவருடைய பேரன் டோனி ஜார்ஜ் 1990இல் அதன் தலைவரானார். அவருக்கு கார்ட் மீது நிறைய குறைகள். செலவு கட்டுக்கடங்காமல் போகிறது. ஓவல் பந்தயங்கள் குறைந்து, வளைந்து நெளிந்து போகும் சாலைப் பந்தயங்கள் பெருகிவிட்டன. அமெரிக்காவின் சின்னச் சின்ன மண் தடங்களில் வளரும் பையன்களுக்கு இண்டியில் இடமில்லை, வெளிநாட்டு ஓட்டுநர்கள் பணத்தோடு வந்து இடத்தைப் பிடிக்கிறார்கள் என்றார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. இண்டியானாவில் வளர்ந்த ஜெஃப் கார்டன் என்ற இளைஞர் நாஸ்கார் பந்தயத்துக்குப் போய்விட்டார். 1994இல் அதே இண்டி மைதானத்தில் நடந்த முதல் நாஸ்கார் பந்தயத்தை ஜெயித்தவரும் அவர்தான்.

1994இல் டோனி ஜார்ஜ், இண்டி ரேசிங் லீக் (ஐ.ஆர்.எல்.) என்ற புதுத் தொடரை அறிவித்தார். 1995 ஜூலையில் வந்தது பெரிய வெடி. 1996 இண்டி 500இல் 33 இடங்களில் 25 இடங்கள் ஐ.ஆர்.எல். புள்ளிப் பட்டியலில் உள்ளவர்களுக்கே. மீதி 8 இடங்களுக்குத்தான் திறந்த போட்டி.

கார்ட் அணிகளுக்கு இது கதவைச் சாத்துவதாகப் பட்டது. ஐ.ஆர்.எல்.லின் தரப்போ, கதவு திறந்துதான் இருக்கிறது, எங்கள் பந்தயங்களில் வந்து ஓடுங்கள் என்றது. ஆனால் கார்ட் அணிகள் அந்த மார்ச்சில் பிரேசிலுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பறக்க வேண்டியிருந்தது. யாரும் இறங்கி வரவில்லை. 1995 டிசம்பரில் கார்ட் பதிலடி கொடுத்தது. இண்டி நடக்கும் அதே நாளில், பென்ஸ்கேவுக்குச் சொந்தமான மிச்சிகன் மைதானத்தில் யு.எஸ். 500 நடக்கும், ஜெயிப்பவருக்கு 10 லட்சம் டாலர் என்று அறிவித்தது.

ஐ.ஆர்.எல்.லின் முதல் சீசனில் மொத்தம் மூன்றே பந்தயங்கள். ஜனவரி 27 அன்று ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் நடந்த முதல் பந்தயத்தை பஸ் கால்கின்ஸ் என்ற புதுமுகம் ஜெயித்தார். மார்ச் 24 அன்று ஃபீனிக்ஸில் ஆரி லுயெண்டைக் ஜெயித்தார். அங்கே பயிற்சியில் மோதி முதுகெலும்பு முறிந்தவர் பட்டி லேசியர். மூன்றாவது பந்தயம்தான் இண்டி 500.

அந்த மே மாதம் மைதானத்தில் வேகம் உச்சத்தில் இருந்தது. தகுதிச் சுற்றில் லுயெண்டைக் ஒரு சுற்றை மணிக்கு 237.498 மைல் வேகத்தில் முடித்தார். அந்த சாதனையை இன்று வரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் அது இரண்டாம் நாள் எடுத்த வேகம் என்பதால் முதல் இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. முதல் இடத்தைப் பிடித்தவர் மிச்சிகன்காரரான ஸ்காட் பிரேட்டன். வயது 37. அவருக்கு அது தொடர்ந்து இரண்டாவது ஆண்டு. மே 17 அன்று பயிற்சியில் அவர் காரின் பின் டயர் காற்றிறங்கியது. கார் சுவரில் மோதி அவர் இறந்துபோனார். அவர் தகுதி பெற்ற காரை 54 வயது டேனி ஓங்கைஸ் கடைசி இடமான 33இல் இருந்து ஓட்டி, ஏழாவதாக முடித்தார். யார் பெரியவர் என்று இரண்டு தரப்பும் அறிக்கை விட்டுக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது.

பந்தய நாளில் 33 பேரில் 17 பேர் இண்டிக்குப் புதியவர்கள். அனுபவம் இல்லாத கூட்டம், பெரிய விபத்து நடக்கப் போகிறது என்று கார்ட் பக்கம் பேசிக்கொண்டார்கள். நடந்தது என்ன? இண்டியில் கார்கள் ஒழுங்காகக் கிளம்பின. மிச்சிகனில், உலகின் சிறந்த ஓட்டுநர்கள் எங்களிடம்தான் என்று சொன்ன இடத்தில், பச்சைக் கொடி அசைவதற்கு முன்பே முன் வரிசைக் கார்கள் உரசிக்கொண்டு பத்துக்கும் மேற்பட்ட கார்கள் சிதறின! மாற்றுக் கார்களைக் கொண்டுவந்து மறுபடி தொடங்கினார்கள். ஜிம்மி வாசர் ஜெயித்தார். பால் யாருக்கு வேண்டும் என்று கேலியாகக் கத்தினார். பால் வேண்டாதவர் ஏன் அதை நினைக்க வேண்டும்?

இண்டியில் பட்டி லேசியர், முறிந்த முதுகோடு, தனியாகச் செய்த இருக்கையில் உட்கார்ந்து 500 மைல் ஓட்டி, டேவி ஜோன்ஸை ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். கடைசிச் சுற்றில் நடந்த மோதலில் இத்தாலியரான சாம்பெட்ரியின் கால்கள் கடுமையாகக் காயமடைந்தன.

இனி பட்டக் கணக்கு. முதல் இடத்துக்கு 35 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 33, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். மொத்தத்தை ஓடிய பந்தயங்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். கால்கின்ஸ் 1, 6, 17 ஆகிய இடங்களில் முடித்தார். 35, 29, 18 சேர்ந்து 82. ஸ்காட் ஷார்ப் 11, 2, 10 ஆகிய இடங்களில் முடித்தார். 24, 33, 25 சேர்ந்து அதுவும் 82. மூன்றால் பெருக்கினால் இருவருக்கும் 246. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை. அதனால் இருவருமே சாம்பியன். ஷார்ப் அந்த மூன்றில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. 25 இடங்களுக்கு அவ்வளவு கண்டிப்பாக விதி போட்டவர்கள், பட்டத்துக்கு ஒரு வரி சேர்க்க மறந்துவிட்டார்கள்.

கார்ட் அந்த ஆண்டு 16 பந்தயங்கள் நடத்தியது. 154 புள்ளிகளோடு வாசர் சாம்பியன் ஆனார். அங்கும் துக்கம் இருந்தது. ஜூலையில் டொரோண்டோவில் ஜெஃப் குரோஸ்னாஃப் என்ற ஓட்டுநரும் தடத்தின் ஓரம் பணியில் இருந்த ஒரு தொண்டரும் இறந்தார்கள். அதே மாதம் மிச்சிகன் விபத்தோடு எமர்சன் ஃபிட்டிபால்டியின் பந்தய வாழ்க்கை முடிந்தது.

ஆக, 1996இல் மூன்று சாம்பியன்கள். ஆனால் நாட்டின் சிறந்த ஓட்டுநர் யார் என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. சாம்பியன் பட்டம் என்பதும் ஒரு நாணயம் போலத்தான். எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. இரண்டு பேர் போட்டி போட்டு அச்சடித்தால் இரண்டுமே செல்லாக்காசாகிவிடும்.

ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாடியது நாஸ்கார். விளம்பரதாரர்களும் ரசிகர்களும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். 1998இல் பங்குச் சந்தைக்குப் போன கார்ட், 2003 முடிவதற்குள் திவால் ஆனது. அதற்கு முன்பே பெரிய அணிகள் ஒவ்வொன்றாக இண்டிக்குத் திரும்பிவிட்டன. 2000இல் சிப் கனாஸியின் அணி, 2001இல் பென்ஸ்கேவின் அணி. மிச்சமிருந்த தொடரும் 2008இல் ஐ.ஆர்.எல்.லோடு இணைந்தது. ஜெயித்ததாகச் சொல்லப்பட்ட டோனி ஜார்ஜ் 2009இல் மைதானத் தலைவர் பதவியை இழந்தார். 2020 ஜனவரியில் இண்டி மைதானமும் தொடரும் கைமாறின. வாங்கியவர் யார் தெரியுமா? 1996இல் எதிர்ப் பந்தயம் நடந்த மைதானத்தின் சொந்தக்காரர், ரோஜர் பென்ஸ்கே!

பிரிந்து மறுபடி சேர 12 ஆண்டுகள் ஆயின. அந்த 12 ஆண்டுகளில் வேறு பந்தயத்துக்குப் போன ரசிகர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. 1996இன் உண்மையான புள்ளிப் பட்டியல் அதுதான்.