கரிசலாங்கண்ணித் தைலம்

கரிசலாங்கண்ணிச் சாற்றை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கலந்து, ஈரம் முழுதும் வற்றும்வரை காய்ச்சி எடுக்கும் தலை எண்ணெய். முடி கறுத்து அடர்ந்து வளரும் என்ற நம்பிக்கையில் சித்த, ஆயுர்வேத மருத்துவத்திலும் வீட்டு வைத்தியத்திலும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

செடி

வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு என ஈரம் நிற்கும் இடங்களில் தானாக முளைக்கும் சிறு செடி. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. கரிசாலை, கையாந்தகரை என்றும் வழங்குவர். சொரசொரப்பான இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும், பூ வெள்ளை. இலையைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். பச்சை குத்தவும் முடிக்குக் கருமை ஏற்றவும் இந்தச் சாறு பயன்பட்டிருக்கிறது. மஞ்சள் பூ பூக்கும் மஞ்சள் கரிசாலை வேறு இனச் செடி. நாட்டு மருந்துக் கடைகளில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு. இரண்டிலும் வெடலோலாக்டோன் என்ற வேதிப்பொருள் உள்ளது. கீரையாகவும் உண்பர்; வள்ளலார் இதை அன்றாட உணவில் சேர்க்கச் சொன்னவர்.

காய்ச்சும் முறை

இலையை இடித்துப் பிழிந்த சாற்றை எண்ணெயில் விட்டு, சிறு தீயில் கிண்டியபடி காய்ச்ச வேண்டும். நெல்லிக்காய்ச் சாறு, கறிவேப்பிலை, செம்பருத்தி, வெந்தயம் ஆகியவற்றைச் சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறும். பதம் பார்ப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடியில் தங்கும் கசடை விரலால் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அதை நெருப்பில் இட்டால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடப்பு கேட்டால் ஈரம் மிச்சம் இருக்கிறது. அந்த எண்ணெய் விரைவில் கெட்டுப்போகும். சாற்றைப் பச்சையாகவே எண்ணெயில் கலந்து குப்பியில் அடைத்து வைப்பது தைலம் ஆகாது.

கேரள மருத்துவ நூலான சகஸ்ரயோகத்தில் வரும் நீலிபிருங்காதித் தைலத்தில் கரிசலாங்கண்ணியோடு அவுரி, முடக்கறுத்தான், நெல்லி ஆகியவற்றுடன் பால் வகைகளும் சேரும். அதில் குன்றிமணியும் உண்டு. குன்றிமணி கொடிய நச்சு விதை என்பதால் இந்தத் தைலத்தை வீட்டில் முயலக்கூடாது.

முடியில் நடப்பது

தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிறது. ஒவ்வொரு மயிர்க்காலும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, பிறகு ஏறத்தாழ 3 மாதம் ஓய்ந்து, முடியை உதிர்த்துவிட்டு மீண்டும் முளைக்கும். நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு.

கடுங்காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை போன்றவற்றுக்குப் பின் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். காய்ச்சல் வந்துபோய் 2, 3 மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பயந்துபோனவர் அப்போதுதான் தைலத்தைத் தேடுவார். இந்த உதிர்வு பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, முடி திரும்ப முளைத்துவிடும். கையில் எந்தக் குப்பி இருந்ததோ அதற்குப் பெயர் கிடைக்கும். தைலங்களைப் பற்றிய நற்சாட்சிகளில் கணிசமானவை இப்படிப் பிறந்தவை என்றே கருத வேண்டியிருக்கிறது.

எண்ணெயின் பங்கை அதற்காக ஒதுக்கிவிட முடியாது. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்று காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. சிக்கும் உடைதலும் குறைந்தால் கூந்தல் நீண்டதாகத் தெரியும். வேரில் புதிதாக முளைப்பது அதிலிருந்து வேறான விஷயம்.

ஆய்வுகள்

2008இல் வெளியான ஆய்வில், மழித்த வெள்ளெலிகளின் முதுகில் கரிசலாங்கண்ணிப் பிழிவைத் தடவியபோது முடி விரைவாக முளைத்தது. விளைவு, முடி வளரத் தலையில் தடவும் மருந்தான மினாக்சிடிலின் 2 சதவீதக் கரைசலோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. கேட்க இனிக்கும் செய்திதான். ஆனால் எலியின் முதுகில் முடி அலை அலையாக ஒரே சமயத்தில் வளரும். மனிதத் தலையில் ஒவ்வொரு மயிர்க்காலும் தனித்தனிக் கணக்கில் இயங்குகிறது. ஆண்களின் வழுக்கையிலோ ஹார்மோன் தூண்டுதலால் மயிர்க்கால்கள் சுருங்கிக்கொண்டே போகின்றன. மழித்த எலி அதற்கு மாதிரி ஆகாது.

மனிதர்களிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்ட மூலிகைகளில் ரோஸ்மேரி ஒன்று. 2015இல் வெளியான ஈரானிய ஆய்வில் 100 பேரில் பாதிப் பேர் ரோஸ்மேரி எண்ணெயும், மற்றவர்கள் 2 சதவீத மினாக்சிடிலும் 6 மாதம் தடவினர். இரு தரப்பிலும் முடி எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே அளவில் கூடியது. வெறும் எண்ணெய் தடவிய மூன்றாம் தரப்பு இல்லாதது இதன் குறை.

பயன்பாடும் எச்சரிக்கையும்

இரவு முழுதும் ஊறவிடத் தேவையில்லை. பொடுகோடு தொடர்புள்ள பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது; பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையிலேயே விட்டுவைத்தால் அரிப்பு கூடலாம். சூரியகாந்திக் குடும்பச் செடிகள் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் முதலில் முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பது நல்லது. வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தோல் சிவந்து தழும்பானாலோ, உதிர்வோடு களைப்பும் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவாலும் தைராய்டு கோளாறாலும் உதிரும் முடியை எந்தத் தைலமும் நிறுத்தாது.

கடைகளில் மூலிகைப் பெயர் தாங்கி வரும் தலை எண்ணெய்களில் பல, கனிம எண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. குப்பியின் பின்புறம் பொடி எழுத்தில் கனிம எண்ணெயின் மறுபெயரான லிக்விட் பாரஃபின் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.