பானையில் கீறிய பெயர், பனியனில்

மதுரைக்கு வடகிழக்கே, கிடாரிப்பட்டி பக்கம் அழகர்மலையின் குகைத்தளத்தில் ஒரு துணி வியாபாரியின் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது: அறுவை வணிகன் எளஅ அடன். அதே பாறையில் உப்பு வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். சமண முனிவர்கள் தங்குவதற்குக் கொடையளித்தவர்கள் இவர்கள். கடைத்தெரு மனிதர்களின் பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் அப்படியே நிற்கின்றன.

மதுரை மாவட்டத்து வாடிப்பட்டிக்காரர்களுக்கு இது தொலைவான கதை அல்ல. மேட்டுப்பட்டியை ஒட்டிய சித்தர்மலையிலும் இதே வகைக் கல்வெட்டுகள் உண்டு. அங்கே 'மதிரை' என்று ஊர்ப்பெயரோடு ஒருவர் குறிக்கப்படுகிறார். இதே வகையைச் சேர்ந்த மீனாட்சிபுரம் மாங்குளம் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவை தமிழ்தான் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் வாசித்துக் காட்டினார். அங்கிருந்த பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரை 1960-களில் அடையாளம் கண்டவர் ஐராவதம் மகாதேவன். அந்த நெடுஞ்செழியனுக்குப் பக்கத்திலேயே வெள்ளறை நிகமத்தாரும் இருக்கிறார்கள். நிகமம் என்பது வணிகர் குழு.

பாறை எழுத்துக்குக் கல்தச்சன் வேண்டும். பானை எழுத்துக்கு ஓர் ஆணி போதும்.

மதுரையைத் தாண்டி வைகை ஓடும் வழியில் கீழடி இருக்கிறது. அங்கே நடந்த நான்காம் கட்ட அகழாய்வின் அறிக்கையைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. குறியீடுகள் கீறிய 1,001 பானை ஓடுகளும், தமிழி எழுத்துள்ள 56 ஓடுகளும் கிடைத்ததாக அது சொல்கிறது. 'குவிரன் ஆதன்', 'ஆதன்' என்பவை அவற்றில் உள்ள பெயர்கள். எழுத்துகள் பெரும்பாலும் பானையின் தோள்பகுதியில், பலவிதக் கையெழுத்துகளில் உள்ளன. எனவே, குயவர் மட்டுமல்ல, பானையை வாங்கிப் புழங்கியவர்களும் எழுதியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊருக்குள் சாதாரணமானவர்களுக்கும் எழுதத் தெரிந்திருந்தது என்பதற்கு இது ஒரு வலுவான சான்று. அதே மண்ணில் நூல் நூற்கும் தக்களிகளும், நெசவுக்கு உதவிய எலும்பு முனைகளும் கிடைத்தன. பெயர் எழுதிய ஊர், துணி நெய்த ஊராகவும் இருந்திருக்கிறது.

தன் பெயரைப் பொதுவெளியில் எழுதிப் புகழ்பெற்றவர்களின் நவீன வரலாறு அமெரிக்காவில் தொடங்குகிறது. 1960-களில் பிலடெல்பியாவில் 'கார்ன்பிரெட்' என்ற புனைபெயரில் ஓர் இளைஞர் சுவரெங்கும் எழுதினார். நியூயார்க்கில் 'டாக்கி 183' என்று எழுதிவந்தவரைப் பற்றி 1971-இல் நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. பாதாள ரயில் நிலையங்களின் காலி விளம்பரப் பலகைகளில் சாக்கட்டியால் வரைந்த கீத் ஹேரிங், 1986-இல் 'பாப் ஷாப்' என்ற கடையைத் திறந்து தன் ஓவியங்களை டி-சர்ட்டில் அச்சிட்டு விற்றார். 1990-இல் தன் 31-வது வயதில் இறந்தார். இன்றும் அவர் கோடுகள் உலகமெங்கும் பனியன்களில் உலவுகின்றன. அணிபவர் பலருக்கு அவர் பெயரும் தெரியும்.

தமிழ்நாட்டிலும் எழுத்தை உடுத்தும் பழக்கம் வலுத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் 'இந்தி தெரியாது போடா' வாசகப் பனியன் சமூக ஊடகங்களில் பரவியதும் திருப்பூரில் ஆர்டர்கள் குவிந்தன. தமிழி எழுத்துகளை அச்சிட்ட பனியன்களும் விற்பனைக்கு வந்தன. மொழிப் பெருமையை மார்பில் ஏந்தும் இந்த ஆசை மதிக்கத்தக்கது. ஆனால் அவற்றில் பெரும்பாலும் அகரவரிசையோ முழக்கமோதான் இருக்கிறது. அந்த எழுத்தைக் கீறிய மனிதர் அதில் இல்லை.

மனிதரை உடுத்துவது எப்படி என்று வாடிப்பட்டி வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அலங்காநல்லூரும் பாலமேடும் இந்தத் தாலுகாவில்தான் இருக்கின்றன. அங்கே வாடிவாசல் முன் மாடுபிடி வீரர்கள் எண் பொறித்த பனியனோடு சுற்றுச் சுற்றாக இறங்குகிறார்கள். மறைந்தவர் பெயரில் 'நினைவுக் கபடிக் குழு' தொடங்கி, அவர் பெயரை முதுகில் அச்சிட்டுக் களமிறங்குவது தென்மாவட்டங்களில் பழகிய வழக்கம். ஊர்க்காரர் ஒருவரைத் துணியில் ஏற்றி நினைவில் வைக்கும் முறை இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

பழைய பெயர்களைத் துணியில் ஏற்றுவதற்கு ஓர் அவசரமும் உண்டு. மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் வருபவர்கள் தங்கள் பெயரையும் காதலர் பெயரையும் கீறிவிட்டுப் போகிறார்கள். கல்குவாரிகள் சில குன்றுகளையே தின்றிருக்கின்றன. பெயரைப் பதிக்கும் ஆசையைத் தவறென்று திட்டுவதால் மட்டும் அது அடங்காது. அந்த ஆசைக்குப் பாறையை விட்டு வேறு இடம் காட்ட வேண்டும்.

2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வருகிறார்கள். அவர்களுக்காக ஒரு பனியன் தயாரிக்கலாம். மார்பில் 'குவிரன் ஆதன்' என்று ஓட்டில் உள்ள அதே கையெழுத்தில், அதே கோணலோடு அச்சிட வேண்டும். முதுகில் இன்றைய எழுத்தில் அதே பெயரும், கிடைத்த இடமும் ஆண்டும் போதும். அடுத்த பனியன் அழகர்மலைத் துணி வியாபாரிக்கு.